கோட்டைத் தாண்டினால் அவுட்! வினு மன்கட்டின் கதை

பாகூர் ஏரிப் பாசன வயல்களில் அறுவடை முடிந்ததும் தரை காய்ந்து இறுகிவிடும். அதன் பிறகு அங்கே மாடு மேய்வதை விடப் பந்து உருளுவதுதான் அதிகம். இந்தப் பக்கம் மூன்று குச்சி, அந்தப் பக்கம் மூன்று குச்சி. நடுவில் பையன்கள் கூட்டம். வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் இதே காட்சிதான்.

அந்த ஆட்டத்தில் அடிக்கடி ஒரு சண்டை வரும். பந்து வீச ஓடி வருகிற பையன் பந்தை வீசமாட்டான். சட்டென்று நிற்பான். தன் பக்கத்துக் குச்சியைப் பந்தால் தட்டிவிடுவான். பக்கத்தில் மட்டையோடு நின்றவன் அதற்குள் கோட்டை விட்டு நாலடி போயிருப்பான்.

அவுட் என்று ஒரு கட்சி கத்தும். அழுகுணி ஆட்டம் என்று எதிர்க்கட்சி கத்தும். மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறவனும் உண்டு.

இப்படி அவுட் ஆக்குவதற்கு மன்கட் என்று ஒரு பெயர் வழங்குகிறது. அது ஒரு மனிதருடைய பெயர். இந்தியா பெற்றெடுத்த மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவருடைய பெயர். சண்டை போடுகிற பையன்களில் பலருக்கு அது தெரியாது.

ஆட்டத்தின் விதி

கிரிக்கெட் ஆட்டத்தில் மட்டை பிடிக்கிறவர்கள் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் பந்தை அடிப்பார். இன்னொருவர் பந்து வீசுகிறவரின் பக்கத்தில் நிற்பார். பந்தை அடித்ததும் இருவரும் இடம் மாறி ஓடவேண்டும். அப்படி ஓடினால் ஒரு ரன்.

இரண்டு பக்கத்து ஸ்டம்புகளுக்கும் நடுவே 22 கெஜம் தூரம். அதாவது 66 அடி. ஸ்டம்புக்கு முன்னால் 4 அடியில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்குள் மட்டையோ காலோ இருந்தால் ஆபத்தில்லை. வெளியே போயிருக்கும்போது ஸ்டம்பைத் தட்டிவிட்டால் அவுட்.

பந்து வீசுகிறவர் பக்கத்தில் நிற்கும் ஆள் அடிக்கப் போவதில்லை. ஆகவே அவர் கண் முழுவதும் ஓட்டத்தில்தான் இருக்கும். பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே மெல்ல மெல்ல வெளியே நகர்வார். இரண்டடி, மூன்றடி நகர்ந்தாலும் லாபம்தான். கிடைக்காத ரன்னும் கிடைத்துவிடும். சடுகுடுவில் கோட்டைத் தொடாமலே தொட்டேன் என்று சொல்லுகிறவனுக்கும் இவருக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

அப்படி நகருகிறவரைப் பந்து வீசுகிறவர் அவுட் ஆக்கலாம். விதி அதற்கு இடம் கொடுக்கிறது. நேற்று வந்த விதியும் அல்ல. இங்கிலாந்தில் 1835-ஆம் ஆண்டிலேயே இப்படி அவுட் ஆனவர் உண்டு. ஆனால் பெரிய மனிதர்கள் ஆடும் ஆட்டத்தில் அதைச் செய்யக்கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்றும் இருந்தது. எழுதிய சட்டத்துக்கும் எழுதாத சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்தான் வினு மன்கட்.

ஜாம்நகர்ப் பிள்ளை

குஜராத்தில் கடலோரத்தில் ஜாம்நகர் என்ற ஊர் இருக்கிறது. வெள்ளையர் காலத்தில் அது நவாநகர் சமஸ்தானத்தின் தலைநகர். கிரிக்கெட்டில் பெயர் எடுத்த ரஞ்சித்சிங் ஆண்ட ஊர் அது. ரஞ்சிக் கோப்பை அவர் பெயரால்தான் நடக்கிறது.

அந்த ஊரில் 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி மன்கட் பிறந்தார். முழுப்பெயர் மூல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட். வினு என்பது பள்ளிக்கூட நாளில் ஒட்டிக்கொண்ட செல்லப் பெயர்.

மட்டை பிடிப்பது வலது கையால். பந்து வீசுவது இடது கையால். வேகமாக வீசமாட்டார். நிதானமாக நாலு எட்டு வைத்து வந்து, விரலால் பந்தைத் திருகிவிடுவார். பந்து தரையில் பட்டதும் பக்கவாட்டில் திரும்பும்.

நவாநகருக்கு இங்கிலாந்திலிருந்து வென்ஸ்லி என்ற ஆட்டக்காரர் வந்திருந்தார். சசெக்ஸ் கவுண்டிக்கு ஆடியவர். மன்கட்டுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். அந்த வென்ஸ்லி தலைமையில் 1936-37-ல் நவாநகர் அணி ரஞ்சிக் கோப்பையை வென்றது. அணியில் மன்கட்டும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 19.

அடுத்த ஆண்டு டென்னிசன் பிரபு ஓர் ஆங்கிலேய அணியோடு இந்தியாவுக்கு வந்தார். அந்த அணியை எதிர்த்து மன்கட் மட்டையிலும் பந்திலும் வெளுத்து வாங்கினார். உலகத்திலேயே சிறந்த 11 பேரைப் பொறுக்கினால் இந்தப் பையனுக்கும் அதில் இடம் உண்டு என்று டென்னிசன் பிரபு கருதினார்.

அந்த நேரத்தில் உலக யுத்தம் வந்தது. ஆட்டக்காரனின் நல்ல வயது எல்லாம் யுத்தத்தில் கழிந்தது. முதல் டெஸ்டு ஆட்டம் ஆட மன்கட்டுக்கு 29 வயது ஆகிவிட்டது. 1946-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் இடம் பெற்றார். அந்தச் சுற்றுப் பயணத்தில் மொத்தம் 1,120 ரன்கள் எடுத்தார். 129 விக்கெட்டுகளையும் சாய்த்தார். ஆயிரம் ரன், நூறு விக்கெட் இரண்டையும் ஒரே பயணத்தில் எடுத்த இந்தியர் வேறு யாரும் இல்லை.

சிட்னியில் நடந்தது

1947-ல் இந்தியா சுதந்திரம் அடைந்தது. நாடு இரண்டாகப் பிரிந்து ரத்தம் சிந்திக்கொண்டிருந்த நேரம். அந்த நிலையில் லாலா அமர்நாத் தலைமையில் இந்திய அணி ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. சுதந்திர இந்தியாவின் முதல் அணி அது. எதிரணிக்குத் தலைவர் டான் பிராட்மன். கிரிக்கெட் உலகமே அவரைக் கண்டு நடுங்கிய காலம்.

நவம்பர் மாதம் சிட்னி நகரில் ஆஸ்திரேலியர்களின் அணி ஒன்றுடன் ஓர் ஆட்டம் நடந்தது. பிராட்மன் தமது நூறாவது சதத்தை அடித்தது அந்த ஆட்டத்தில்தான். பில் பிரவுன் என்ற ஆட்டக்காரரும் அதில் ஆடினார். நல்ல ஆட்டக்காரர், நல்ல மனிதர். ஆனால் பந்து கையை விட்டுப் போகுமுன் கோட்டைத் தாண்டும் வழக்கம் அவருக்கு இருந்தது.

மன்கட் பார்த்தார். முதலில் எச்சரித்தார். பிரவுன் மறுபடியும் வெளியே போனார். மன்கட் பந்து வீசாமல் ஸ்டம்பைத் தட்டிவிட்டார். பிரவுன் அவுட்.

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

டிசம்பர் மாதம் அதே சிட்னி மைதானத்தில் இரண்டாவது டெஸ்டு ஆட்டம். மழை பெய்து தரை ஈரமாக இருந்தது. முதலில் ஆடிய இந்தியா 188 ரன்னில் சுருண்டது. ஆஸ்திரேலியாவுக்கும் திண்டாட்டம்தான். ஒவ்வொரு ரன்னும் பொன்னாக இருந்தது. அந்த நேரத்தில் ஒரு ரன்னைத் திருடினாலும் பெரிய லாபம்.

டிசம்பர் 13-ந் தேதி. பிரவுன் 18 ரன் எடுத்திருந்தார். மன்கட் பந்து வீச ஓடி வந்தார். பிரவுன் வழக்கம் போல நகர்ந்தார். இந்தத் தடவை எச்சரிக்கை இல்லை. மன்கட் கையிலிருந்து பந்து போகவில்லை. ஸ்டம்பு மேலிருந்த கட்டைகள் கீழே விழுந்தன. பிரவுன் கோட்டுக்கு வெளியே நின்றார். நடுவர் கையைத் தூக்கினார்.

ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் கொதித்தன. இது விளையாட்டு வீரனுக்கு அழகல்ல என்று பல பத்திரிகைகள் எழுதின. ஒரு தடவை எச்சரிக்கை பெற்று, ஒரு தடவை அவுட்டும் ஆனவருக்கு மூன்றாவது தடவையும் சொல்லித் தரவேண்டுமா என்பதைப் பற்றி அவை அதிகமாகக் கவலைப்படவில்லை.

மன்கட்டுக்கு ஆதரவாகப் பேசியவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பாதிக்கப்பட்ட அணியின் தலைவர் பிராட்மனேதான்! பந்து கையை விட்டுப் போகும் வரை கோட்டுக்குள் நிற்கவேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது, முன்னாலேயே வெளியே போகிறவர்தான் நியாயமில்லாத லாபம் தேடுகிறார் என்பது அவர் கட்சி. பிற்காலத்தில் தமது வாழ்க்கை வரலாற்றிலும் அதை எழுதி வைத்தார்.

ஆனால் யார் கேட்கிறார்கள்? கோட்டைத் தாண்டியவர் பிரவுன். பெயர் கெட்டது மன்கட்டுக்கு. அன்று முதல் அந்த முறையில் அவுட் ஆக்குவதற்கு மன்கட் பெயரே நிலைத்துவிட்டது. வீட்டில் பூட்டை உடைத்தவனை விட்டுவிட்டு, அவனைப் பிடித்தவன் பெயரைத் திருட்டுக்கு வைத்தது போலத்தான் இது.

அந்தப் பயணத்தில் மன்கட் மெல்போர்ன் நகரில் இரண்டு சதங்கள் அடித்தார். ஒன்று 116, இன்னொன்று 111. வேறு ஆட்டக்காரராக இருந்தால் அந்தச் சதங்களுக்காகவே பேசப்பட்டிருப்பார்.

சென்னையில் முதல் வெற்றி

இந்தியா டெஸ்டு ஆட ஆரம்பித்தது 1932-ல். இருபது ஆண்டுகள் ஓடியும் ஒரு வெற்றி கூட இல்லை. 24 ஆட்டங்கள் ஆடியாகிவிட்டது.

25-வது ஆட்டம் சென்னை சேப்பாக்கத்தில் 1952 பிப்ரவரியில் நடந்தது. எதிரே இங்கிலாந்து. ஆட்டம் தொடங்கிய 6-ந் தேதிதான் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமானார்.

மன்கட் பந்து வீசினார். முதல் இன்னிங்சில் 55 ரன் கொடுத்து 8 விக்கெட். இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் முன்னால் இறங்கி அடிக்கப் பார்த்தார்கள். பந்து மட்டையை ஏமாற்றித் திரும்பியது. விக்கெட் காப்பாளர் சென் பின்னாலிருந்து ஸ்டம்பைத் தட்டினார். இப்படியே நாலு பேர் அவுட். கோட்டைத் தாண்டியவர்களைத்தான் இங்கும் பிடித்தார்கள். ஆனால் இதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை!

இரண்டாவது இன்னிங்சில் மன்கட் இன்னும் 4 விக்கெட் எடுத்தார். இன்னிங்சோடு 8 ரன் வித்தியாசத்தில் இந்தியா வென்றது. பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம் அடித்த ஆட்டம் அது. 12 விக்கெட்டுகளைச் சாய்த்த மன்கட்தான் வெற்றிக்கு முதல் காரணம்.

அப்போது பாகூரும் வில்லியனூரும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தன. வரப்பைத் தாண்டினால் அந்தப் பக்கம் இந்தியா, இந்தப் பக்கம் பிரான்சு. 1954 நவம்பர் 1-ந் தேதிதான் புதுச்சேரி இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது.

லார்ட்சில் தனி ஆள்

அதே 1952-ல் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போக இருந்தது. மன்கட் குடும்பஸ்தர். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு ஆடினால் பெரிய பணம் கிடையாது. இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் ஹாஸ்லிங்டன் என்ற சங்கம் அவரைச் சம்பளத்துக்கு ஆட அழைத்தது. இந்திய அணியில் எனக்கு இடம் நிச்சயம் என்றால் அந்த வேலையை விட்டுவிடுகிறேன் என்று மன்கட் கேட்டுப் பார்த்தார். அப்படி வாக்குக் கொடுக்க முடியாது என்று கிரிக்கெட் வாரியம் கூறிவிட்டது. அவர் சம்பள வேலைக்குப் போனார்.

இந்திய அணி அவர் இல்லாமல் போயிற்று. லீட்ஸ் நகரில் முதல் டெஸ்டு. இரண்டாவது இன்னிங்சில் ஒரு ரன் கூட எடுக்கும் முன் நாலு விக்கெட் விழுந்தது. ஸ்கோர் பலகையில் பூஜ்யத்துக்கு நாலு! அதைப் பார்த்த பிறகு மன்கட் நினைவு வந்தது. ஹாஸ்லிங்டன் சங்கத்திடம் கேட்டு அவரை வரவழைத்தார்கள்.

லண்டனில் லார்ட்ஸ் மைதானத்தில் இரண்டாவது டெஸ்டு. மன்கட் முதல் ஆளாக இறங்கி 72 ரன் எடுத்தார். பிறகு பந்து வீச வந்தார். 73 ஓவர்கள் வீசினார். 5 விக்கெட் எடுத்தார். பந்தைக் கீழே வைத்த சூட்டோடு மட்டையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் முதல் ஆளாக இறங்கினார். 184 ரன்! அதுவரை எந்த இந்தியரும் டெஸ்டில் அவ்வளவு எடுத்ததில்லை. இங்கிலாந்து இரண்டாவது தடவை ஆடியபோது மேலும் 24 ஓவர்கள் வீசினார்.

இந்தியா 8 விக்கெட்டில் தோற்றது. ஆனாலும் அந்த ஆட்டத்துக்கு மன்கட் டெஸ்டு என்றுதான் இன்றும் பெயர். ஒரே பெயருக்கு ஒரு பக்கம் பழி, ஒரு பக்கம் புகழ்.

413

1956 ஜனவரியில் சென்னை மறுபடியும் மன்கட்டைப் பார்த்தது. இந்தத் தடவை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். எதிரே நியூசிலாந்து.

மன்கட்டும் பங்கஜ் ராயும் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் நாள் முழுவதும் ஒரு விக்கெட் கூட விழவில்லை. மறுநாள் ராய் 173 ரன்னில் அவுட் ஆனபோது பலகையில் இருந்த எண் 413. மன்கட் 231 ரன் எடுத்தார். முதல் விக்கெட்டுக்கு 413 ரன் என்ற உலக சாதனை 52 ஆண்டுகள் நின்றது. 2008-ல்தான் தென்னாப்பிரிக்கர் இருவர் 415 எடுத்து அதை முறியடித்தார்கள்.

மன்கட்டின் 231 ரன்னைத் தாண்ட இந்தியருக்கு 1983 வரை முடியவில்லை. தாண்டியவர் கவாஸ்கர். இடம், அதே சென்னை நகரம்.

44 டெஸ்டு ஆட்டங்கள், 2,109 ரன்கள், 162 விக்கெட்டுகள். முதல் ஆளாகவும் இறங்கினார், பதினோராவது ஆளாகவும் இறங்கினார். எந்த இடத்தில் இறங்கச் சொன்னாலும் இறங்கியவர் அவர். 1959-ல் கடைசி டெஸ்டு ஆடினார். 1973-ல் பத்மபூஷண் பட்டம் கிடைத்தது. அவருடைய மகன் அசோக் மன்கட்டும் இந்தியாவுக்கு ஆடினார். 1978 ஆகஸ்டு 21-ந் தேதி வினு மன்கட் பம்பாயில் காலமானார்.

ஓயாத வழக்கு

ஆள் போனாலும் வழக்கு போகவில்லை.

1987 உலகக் கோப்பையில் லாகூரில் ஓர் ஆட்டம். கடைசிப் பந்து. மேற்கிந்தியத் தீவு வீரர் வால்ஷ் ஓடி வந்தார். பாகிஸ்தானின் கடைசி ஆட்டக்காரர் கோட்டை விட்டு வெளியே போய்விட்டார். தட்டியிருந்தால் ஆட்டம் முடிந்தது. வால்ஷ் தட்டவில்லை, திரும்பி உள்ளே வரச் சொன்னார். பாகிஸ்தான் வென்றது. வால்ஷை உலகம் பாராட்டியது. தோற்ற அணிக்குப் பாராட்டுதான் மிச்சம்.

சென்னை வீரர் அஸ்வின் வேறு வழியில் போனார். 2012-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இலங்கையின் திரிமன்னேயை இப்படி அவுட் ஆக்கினார். அன்று தலைமை வகித்த சேவாக் வேண்டாம் என்று முறையீட்டைத் திரும்பப் பெற்றார். 2019 மார்ச் 25-ந் தேதி ஜெய்ப்பூரில் பஞ்சாப் அணியின் தலைவர் அஸ்வினே. இங்கிலாந்து வீரர் பட்லர் 69 ரன்னில் வெளியே நகர்ந்தார். அஸ்வின் கட்டைகளைத் தட்டினார். இந்தத் தடவை திரும்பப் பெற யாரும் இல்லை. சிட்னியில் எழுந்த அதே கூச்சல் உலகம் முழுவதும் எழுந்தது. விதியில் இருப்பதைத்தான் செய்தேன் என்பதில் அஸ்வின் அசையவில்லை.

2022 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியப் பெண்கள் அணியின் தீப்தி சர்மா இதே முறையில் ஆட்டத்தை முடித்தார். மன்கட் 184 அடித்த அதே மைதானம்!

விதியும் பல தடவை மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் பந்து வீசுவதற்கான கடைசி அடி வைக்கும் முன்பே தட்டவேண்டும் என்று இருந்தது. 2017-ல் அந்தக் கட்டு தளர்ந்தது. பந்து கையை விட்டுப் போகவேண்டிய அந்த வினாடி வரை தட்டலாம் என்று ஆயிற்று. ஆனாலும் முறையற்ற ஆட்டம் என்ற தலைப்பின் கீழேதான் இந்த விதி கிடந்தது. 2022 அக்டோபர் 1-ந் தேதி முதல் அதை எடுத்து, ரன் அவுட் என்ற சாதாரணத் தலைப்பின் கீழ் வைத்துவிட்டார்கள். மன்கட் சிட்னியில் செய்து 75 ஆண்டுகள் ஆகப்போகும் நேரம் அது.

மன்கட் என்று அதைச் சொல்லக்கூடாது, அது ஒரு பெரிய வீரரை அவமதிப்பது என்று கவாஸ்கர் பல தடவை கூறியிருக்கிறார். யார் பெயராவது வைக்கவேண்டும் என்றால் கோட்டைத் தாண்டிய பிரவுன் பெயரை வையுங்கள் என்பது அவர் வாதம். 2021-ல் உலகக் கிரிக்கெட் சபை மன்கட்டைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. இப்படி அவுட் ஆக்கினால் அது ரன் அவுட் கணக்கு. விக்கெட் பந்து வீசியவர் பெயரில் ஏறாது. வீசாத பந்து ஓவரிலும் சேராது. ஆகவே மன்கட்டின் 162 விக்கெட்டுகளில் சிட்னியில் பிரவுனை ரன் அவுட் ஆக்கியது இல்லை.

பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பையன்களுக்காக இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்துகிறது. அதற்கு வினு மன்கட் கோப்பை என்று பெயர். 2018-ல் புதுச்சேரி அணிக்கும் வாரியத்தின் போட்டிகளில் இடம் கிடைத்தது. வில்லியனூர் கொம்யூனில் துத்திப்பட்டில் புல் வளர்த்த பெரிய மைதானம் இருக்கிறது. பாகூர் வயலில் குச்சி நட்டு ஆடிய பையன் நன்றாக ஆடினால், அந்த மைதானத்துக்குப் போகலாம். அங்கிருந்து மன்கட் பெயர் பொறித்த கோப்பைக்கு ஆடவும் போகலாம்.